கைதட்டலுக்குக் காத்திருக்கும் வெளிச்சம்

சிறுவர் நாடகத்தைப் பெரியவர்கள் எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நம் நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. ஒரு நாடகத்தின் ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

'பீட்டர் பான்' நம்மில் பலருக்கு டிஸ்னி படமாகத்தான் அறிமுகம். ஜே. எம். பாரி அதை நாடகமாகவே முதலில் எழுதினார். 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் மேடையேறியது. நாவல் வந்தது 1911இல்தான்.

அதில் வரும் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதைக்கு நடிகை கிடையாது. கண்ணாடியால் பாய்ச்சிய ஒரு வெளிச்சப் புள்ளி, கூடவே மணியோசை. அவ்வளவுதான். பீட்டருக்கு வைத்த விஷத்தை அவள் குடித்துவிடுகிறாள். வெளிச்சம் மங்குகிறது. தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டும்படி பீட்டர் சபையோரிடம் கெஞ்சுகிறான்.

முதல் நாள் வந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். யாரும் தட்டாவிட்டால்? பாரிக்கு அந்தப் பயம் இருந்தது. அப்படி நேர்ந்தால் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டும்படி இசைக்குழுவிடம் சொல்லிவைத்திருந்தார். அதற்குத் தேவை வரவில்லை. அரங்கமே தட்டியது. பீட்டராக நடித்த நினா பூசிகால்ட் அழுதுவிட்டாராம்.

நம் கூத்திலும் இது உண்டு. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் ராஜா நிற்பார். ஆடுகளத்தை ஒரு சுற்று வந்தால் ஊர் மாறிவிடும். பார்ப்பவர் சம்மதிக்காவிட்டால் அது வெறும் மண் தரை. ஆனால் கூத்து அந்தச் சம்மதத்தை வாய்விட்டுக் கேட்பதில்லை. பாரி கேட்டார். கேட்டால் 'இல்லை' என்றும் பதில் வரலாம்.

குழந்தைகளோ அளவுக்கு மீறியே நம்பினார்கள். வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பறக்கப் பார்த்து அடிபட்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டதால், தேவதைத் தூள் பட்டால்தான் பறக்க முடியும் என்று பிறகு சேர்த்ததாகப் பாரியே எழுதியிருக்கிறார். அந்தத் தூளை நான் வெறும் மந்திரம் என்று நினைத்திருந்தேன். பாதுகாப்பு ஏற்பாடாம்!

பாரிக்கு ஆறு வயதானபோது அண்ணன் டேவிட் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடும் இடத்தில் விபத்தில் இறந்தான். அவனுக்குப் பதினான்கு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அவன் இனி என்றும் சிறுவன்தான் என்பதில் தாய் ஆறுதல் தேடிக்கொண்டார். அந்த வீட்டிலிருந்து வந்தவர், மங்கும் வெளிச்சத்தைக் குழந்தைகளைச் சிரிக்கவைக்க மட்டும் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.