வானத்தில் சுற்றும் குண்டு

சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவன் நம்மைக் கேட்டான்: "ஸார், அணுகுண்டை ஓர் உபக்கிரகத்தில் ஏற்றி வைத்துவிட்டால், வேண்டிய சமயத்தில் சத்துருவின் தலையில் போட்டுவிடலாம் அல்லவா?" பையனைக் கண்டு நகைப்பதற்கில்லை. 1960-ஆம் வருஷத்தையொட்டி வல்லரசுகளின் யுத்த நிபுணர்களும் இதே கேள்வியை ஆராய்ந்தவர்கள்தாம்.

ஓடும் ரயிலில் கையிலிருந்த மாம்பழம் நழுவினால், அது பின்தங்காமல் வண்டியோடு கூடவே வந்து நம் காலடியில் விழுகிறது. உபக்கிரகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அது வினாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதிலிருந்து நழுவவிட்ட குண்டு விழாது. பக்கத்திலேயே தானும் ஒரு குட்டிக் கிரகமாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்! எதிர்த்திசையில் ராக்கெட்டைக் கொளுத்தி வேகத்தைக் குறைத்தாலன்றி அது இறங்காது. இறங்கும்போதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாய்வாகச் சென்றே பூமியைத் தொடும்.

அது போகட்டும். வேண்டிய நேரத்தில் அது வேண்டிய இடத்தில் இருக்குமோ? தாழ்ந்த பாதையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிஷமாகிறது. அதற்குள் பூமி சுழன்றுவிடுவதால், அடுத்த சுற்றில் பூமத்திய ரேகையைச் சுமார் 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளிக் கடக்கும். காத்திராமல் தாக்க வேண்டுமாயின் பல குண்டுகளைச் சுற்றவிட வேண்டும். நிலத்திலிருந்து கிளம்பும் ஏவுகணையோ அரைமணியில் கண்டம் தாண்டுகிறது; பழுதானால் பார்க்கவும் ஆளுண்டு. வானத்தில் பழுதானால் என்ன ஆகும்? குண்டு ஏதும் இல்லாத ஸோவியத் உபக்கிரகம் காஸ்மாஸ் 954, தன் அணு உலையுடன் 1978 ஜனவரி 24-இல் கானடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. அந்த ரேடியக் கதிர்த் துண்டுகளைப் பனிவெளியில் பல மாதம் தேடினார்கள்.

ஆகவே, 1967-இல் அணு ஆயுதங்களைப் பூமியைச் சுற்றவிடலாகாதென உடன்படிக்கை செய்தபோது, வல்லரசுகள் பெரிய தியாகம் ஒன்றும் செய்துவிடவில்லை என்பது நமது அபிப்பிராயம். அதிலும் ஒரு சாமர்த்தியம் நடந்தது. ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே குண்டை இறக்கும் ஏவுகணைகளை ருஷ்யர்கள் 1969 முதல் 1983 வரை வைத்திருந்தார்கள். முழுச் சுற்று ஆகாததால் உடன்படிக்கை மீறப்படவில்லையாம்! வடக்கு நோக்கி விழித்திருந்த அமெரிக்க ராடார்களுக்குத் தப்பி, தென் துருவ வழியாக வருவதே அவற்றின் நோக்கம்.

ஆனால் பூமியைத் தாக்காமல் வானத்திலேயே வெடித்தால்? அங்கேதான் ஆபத்து. 1962 ஜூலை 9-இல் பஸிபிக் சமுத்திரத்துக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்துப் பரீட்சை செய்தது. ஏறக்குறைய 1,400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹானலுலுவில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பில் பிறந்த எலெக்ட்ரான்கள் பூமியின் காந்த மண்டலத்தில் சிக்கி நெடுங்காலம் தங்கின. பிரிட்டனின் முதல் உபக்கிரகமான ஏரியல் கெட்டது. வெடிப்புக்கு மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டாரும் சில மாதங்களில் ஊமையாயிற்று. அந்த எலெக்ட்ரான்களுக்கு நண்பன் பகைவன் என்ற பேதமில்லை. வெடித்தவர்களின் உபக்கிரகங்களும் சேதமடைந்தன.

அன்று வானில் இருந்தவை சொற்பம். இன்று 10,000-க்கு மேல். நமது கடற்கரைக்கு வரும் புயலைக் கண்டு சொல்பவையும் அவற்றில் அடக்கம். 2024 ஏப்ரல் 24-இல், வானத்தில் அணு ஆயுதம் வைப்பதில்லை என்ற பழைய வாக்கை உறுதி செய்யும் தீர்மானம் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபைக்கு வந்தது. 13 நாடுகள் ஆதரித்தன. சீனா ஒதுங்கி நின்றது. ருஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் அதைத் தடுத்துவிட்டது.