மறதிநோயின் இறுதிக் கட்டத்தில் ஊட்டக்குழாய் ஏன் உதவுவதில்லை?

மறதிநோய் முற்றும்போது நினைவாற்றலோடு, விழுங்கும் செயலை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளும் சிதைவதால், உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை (நிமோனியா) உண்டாக்குகின்றன. பாஸ்டன் வட்டாரப் பராமரிப்பு இல்லங்களில் நோய் முற்றிய 323 பேரை 18 மாதங்கள் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு உண்பதில் சிக்கல் தோன்றியது. பாதிக்கு மேற்பட்டோர் அக்காலத்துக்குள் இறந்தனர். வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்கு நேரே குழாய் பொருத்தினால் இச்சிக்கல் தீரும் என்று குடும்பத்தார் நம்புவது இயல்பே. ஆனால் எச்சிலும் இரைப்பையிலிருந்து மேலெழும் நீரும் குழாயைக் கேட்டுக்கொண்டா நுரையீரலுக்குள் இறங்குகின்றன? ஆயுளும் நீளாமல், குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டும் கொடுமையும் சேர்ந்துவிடுவதால், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் குழாயைத் தவிர்த்து, கவனமாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது. நோயாளி வாயை மூடிக்கொண்டால் வற்புறுத்தாமல் நிறுத்திவிடுவதும் இதமளிக்கும் இம்முறையின் பகுதியே.