அம்மா வீட்டுக் கனகாம்பரம்

மல்லிகைக்கு மணம் உண்டு. ரோஜாவுக்கு மணமும் உண்டு, கொஞ்சம் கர்வமும் உண்டு. கனகாம்பரத்துக்கு இரண்டும் கிடையாது. இருந்தும் ஜடையில் அதற்குள்ள இடத்தை வேறு எந்தப் பூவாலும் பிடிக்க முடியவில்லை, பார்த்தீர்களா? காலையில் சூடினால் மாலை வரை முகம் சுண்டாது. தலைக்குப் பாரமும் இல்லை. ஒரு கிலோ நிறுப்பதற்கு ஏறக்குறைய 15,000 பூக்கள் வேண்டுமாம்!

சென்னையில் வசிக்கும் ஒரு வாசகியின் கடிதம்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்த கனகாம்பரம். அம்மா இப்போது இல்லை. அந்த வீடும் கைமாறிவிட்டது. மிஞ்சியது மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் அந்த ஒரு செடிதான். இது வரை ஒரு விதைகூட வைத்ததில்லை. இப்போது அதுவும் வாடுகிறது. "காப்பாற்ற வழி உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு. ஆனால் முதலில் ஆள் யார் என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

கனகாம்பரத்தின் உறவினர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடை, காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்பு, மார்கழியில் பூக்கும் டிசம்பர் பூ எல்லாம் அதே முள்ளிக் குடும்பந்தான். லின்னேயஸ் 1759-ல் இதற்குப் பெயர் சூட்டியபோது ஆடாதோடையின் இனத்திலேயே சேர்த்துவிட்டார். 'கிராஸாண்ட்ரா' இனத்துக்கு இது மாறியது 1832-ல். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த மண்ணில் சேர்ந்தவை.

அடையாளம் சுலபம். இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். ஓரம் லேசாக நெளிந்திருக்கும். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே, சில இடங்களில் நாலாகவும் நிற்கும். பூக்கதிர் நாலு பட்டையாக, பச்சைச் செதில் அடுக்கியது போல் இருக்கும். பூவின் அடி மெல்லிய குழல். நுனியில் இதழ்கள் சுற்றிலும் விரியாமல் ஒரே பக்கமாக விசிறி போல் விரியும். இந்த விசிறியைப் பார்த்துவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். டிசம்பர் பூவில் இதழ்கள் சுற்றிலும் விரியும்.

அந்த வாசகியின் செடி ஏன் விதை வைக்கவில்லை? அது அநேகமாக 'டில்லி கனகாம்பரம்' ஆக இருக்கும். பூ சற்றுப் பெரிது, நிறம் அடர்த்தி. வழக்கமாகச் செடிகளில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும். இதில் மூன்று தொகுதி. அதனால் விதை பிடிப்பதில்லை. கிளையை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். சாதாரண ஆரஞ்சு ரகமோ விதையிலேயே வரும். ஆனால் அதில் ஒரு வேடிக்கை! முற்றிக் காய்ந்த கதிரில் ஈரம் பட்டால் காய் படீரென்று வெடித்து விதைகள் சிதறிவிடும். கதிர் பழுப்பாகும்போதே ஒரு காகிதப் பையைக் கட்டி விட்டால் வீணாகாது.

இனி, வாட்டம். மத்தியானம் இலை தொங்கினால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறோம். மறுநாளும் தொங்கினால் இரண்டு சொம்பு. தொட்டிக் கனகாம்பரத்துக்குப் பெரும்பாலும் அதுதான் எமன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் கோளாறு வேரில். தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொழுந்து மட்டும் மஞ்சளாகி நரம்புகள் பச்சையாகவே இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளித்தால் தேறிவிடும்.

செடி வளராமல் குன்றி, இலை சிறுத்து, மஞ்சளோடு ஒரு சிவப்பும் ஏறுகிறதா? அப்படியானால் நூற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேரில் குடியிருந்து சாரத்தை உறிஞ்சுகிறது. கனகாம்பரத்துக்குப் பரம விரோதி இதுதான். மண்ணில் வேப்பம் பிண்ணாக்கு கலப்பதும், பக்கத்தில் துலுக்கச் சாமந்தி வளர்ப்பதும் அதைக் கட்டுப்படுத்த உதவும். ஆனால் முற்றிவிட்ட செடியை மருந்து போட்டு மீட்கலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கேதான் அந்த வாசகிக்கு ஒரு நல்ல செய்தி. இந்தப் புழுக்கள் இருப்பது வேரில், கிளையில் அல்ல. நுனிக் கொப்புகள் இன்னும் பச்சையாக இருந்தால், மண் படாமல் விரல் நீளத்துக்கு ஏழெட்டுத் துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றிரண்டு போதாது, சில அழுகிவிடும். கீழ் இலைகளையும் பூக்கதிரையும் கிள்ளிவிட்டு, கழுவிய ஆற்று மணலில், புதுத் தொட்டியில், நிழலில் நடுங்கள். ஈரம் இருந்தால் போதும், சேறு கூடாது. சில வாரங்களில் புதுத் தளிர் விட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த தொட்டிக்கு மாற்றி, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பூக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கலாம். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் அடுத்த கதிர் சீக்கிரம் வரும்.

பழைய தொட்டி மண்ணைத் துளசிக்கோ ரோஜாவுக்கோ கொட்டிவிடாதீர்கள். வேரைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடிச் சித்திரை வெயிலில் சில வாரம் போட்டு வையுங்கள். துண்டுகள் வேர் விட்டதும், ஒன்றை நம்பகமான ஒரு சிநேகிதி வீட்டிலும் வளர்க்கக் கொடுத்து வைப்பது நல்லது.