நாலு ரூம் ஹோம்ஸ்டேக்கு ஆப் வேணுமா?

வெப் டெவலப்பர்னு தெரிஞ்சா போதும், சொந்தக்காரங்கள்ல யாராவது ஒருத்தர் "தம்பி, நம்ம ஹோம்ஸ்டேக்கு ஒரு ஆப் பண்ணித் தர முடியுமா"ன்னு கேட்டுடுவாங்க. ஏற்காடு மாதிரி ஊர்னா என் பதில், வேண்டாம்.

சென்னையிலயோ பெங்களூருலயோ கிளம்பி, சேலம் வந்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற குடும்பம் வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு ராத்திரி தங்கும். அதுக்குன்னு ஒரு ஆப்பை யாரும் இன்ஸ்டால் பண்ண மாட்டாங்க. செலவு மட்டும் ஓடிட்டே இருக்கும். கூகுள் பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரு தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர். அதுக்கு மேல, புது ஆண்ட்ராய்டு வர வர ஆப்பையும் அதுக்கேத்த மாதிரி மாத்தி ஏத்தணும். விட்டுட்டா, புது போன் வாங்கினவங்க தேடினாலும் ஸ்டோர்ல உங்க ஆப் வராது.

சரி, நிஜமான தலைவலி எங்க இருக்கு? டபுள் புக்கிங்ல.

மே மாசம், கோடை விழா நடக்குற சனிக்கிழமை. ஒரே ரூம் ஏர்பிஎன்பியிலயும் இருக்கு, புக்கிங் டாட் காம்லயும் இருக்கு, போதாததுக்கு போன்லயும் ஆள் கேக்குறாங்க. ராத்திரி 9 மணிக்கு ரெண்டு குடும்பம் குழந்தைகளோட வாசல்ல நிக்குது. ஊரே ஃபுல். யாரைத் திருப்பி அனுப்புவீங்க?

ரயில்வேல ஏன் இப்படி ஆகறதில்ல? தட்கல் திறக்கும்போது எத்தனை பேர் முட்டி மோதினாலும் எல்லாரும் போய் நிக்குறது ஒரே டேட்டாபேஸ் முன்னாடி. ஒருத்தருக்கு சீட் குடுக்குற நொடியில அது பூட்டிக்கும், அடுத்தவருக்கு 'இல்லை'ன்னு வந்துடும். (ஆர்ஏசியில ஒரே சீட்ல ரெண்டு பேர் உக்கார்றது வேற கதை. அது தெரிஞ்சே குடுக்குறது.)

ஹோம்ஸ்டேக்கு அந்த ஒரே டேட்டாபேஸ் கிடையாது. ரெண்டு தளமும் தனித்தனி நோட்டு வச்சிருக்கு. அதை இணைக்க சின்ன ஓனர்கள் நிறைய பேர் பயன்படுத்துறது ஐகால்னு ஒரு ஃபைல். 1998-ல ஆபீஸ் மீட்டிங், காலண்டர் பகிர்றதுக்காக வந்த ஃபார்மேட் அது. ஒரு தளம் "இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் ரூம் இல்ல"ன்னு அதுல எழுதி வைக்கும். இன்னொரு தளம் அப்பப்போ வந்து எடுத்துப் படிக்கும்.

இந்த 'அப்பப்போ'லதான் சிக்கல். புக்கிங் விழுந்த உடனே யாரும் யாருக்கும் போன் பண்ணிச் சொல்றதில்ல. அடுத்த தளம் தானா வந்து எட்டிப் பாக்குற வரைக்கும் மணிக்கணக்கு ஆகலாம். ஜூலையில அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது, ஏன்னா அதே ரூமை இன்னொருத்தர் கேக்கவே மாட்டார். மே மாசத்துல அதே ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு பேர் கேப்பாங்க.

டெவலப்பர் மக்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: ஐகால்ல முடிவுத் தேதி கணக்குல சேராது. ஞாயிறுன்னு இருந்தா சனி ராத்திரி வரைக்கும்தான் அர்த்தம். இதைக் கவனிக்காம கோட் எழுதினா, காலியான ஞாயிறு ராத்திரியை 'ஃபுல்'னு காட்டி ஓனருக்கு ஒரு நாள் வாடகை போயிடும்.

இதுக்கு சேனல் மேனேஜர்னு மென்பொருள் இருக்கு. எல்லாத் தளத்தோடயும் நேரடியா, கிட்டத்தட்ட உடனுக்குடன் பேசும். மாசா மாசம் சந்தா கட்டணும். இருபது ரூம் ரிசார்ட்டுக்கு சரி, நாலு ரூமுக்கு எனக்கு மனசு வரல.

நான் சொல்றது இதுதான். ஏப்ரல், மே, நீண்ட வார இறுதிகள்ல ரூம்களைப் பிரிச்சிடுங்க. ரெண்டு ரூம் ஒரு தளத்துல மட்டும், ரெண்டு ரூம் போனுக்கு மட்டும். ஒரு ரூம் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல விற்பனைக்கு இல்லன்னா மோதவே வாய்ப்பில்ல. போன்ல கேக்குறவங்க யூபிஐல அட்வான்ஸ் போட்டாத்தான் நோட்டுல பேர். நோட்டும் ஒண்ணுதான் இருக்கணும், வீட்டுல ஒருத்தர் கையிலதான் இருக்கணும். அண்ணன் ஒரு டைரி, அண்ணி ஒரு டைரின்னு வச்சா நீங்களே ரெண்டு தளம் ஆயிடுவீங்க.

வெப்சைட்? ஒரே ஒரு பக்கம் போதும். நாலு போட்டோ, வாடகை, மேப் லிங்க், வாட்ஸ்அப் பட்டன். போட்டோவை மட்டும் சுருக்கிப் போடுங்க. காபித் தோட்டத்துக்குள்ள வழி தேடிட்டு நிக்குறவர் போன்ல சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும்.

சீசன் முடிஞ்சு ரூம் காலியா கிடக்கும்போது நாலையும் எல்லாத் தளத்துலயும் திறந்து விடுங்க. அப்போ கமிஷன் போனாலும் பரவாயில்ல, ஐகாலே தாங்கும்.