நம் எம்.எல்.ஏ. கட்சியை மீறினால்

நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ. ஒருநாள் சொந்தக் கட்சிக்கு எதிராகவே கிளம்பிவிடுகிறார். டிவியில் செய்தி ஓடுகிறது. டீக்கடையில் முதலில் எழும் பேச்சு, "நம்ம சின்னத்துல ஜெயிச்சுட்டு இப்படிப் பண்ணிட்டாரே!" அடுத்து இன்னொருவர் தேற்றுகிறார்: "அதுக்குத்தான் சட்டம் இருக்குல்ல, பதவி போயிடும் பாருங்க." முதல் ஆளின் வருத்தம் நியாயமானது. இரண்டாமவர் சொன்ன ஆறுதலைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாக்குப்பதிவு இயந்திரத்திலிருந்தே தொடங்குவோம். அதில் வேட்பாளரின் பெயர் இருக்கும், 2015 முதல் புகைப்படமும் இருக்கிறது, பக்கத்தில் சின்னம். கட்சியின் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. சட்டத்தின் கண்ணில் நாம் தேர்ந்தெடுப்பது ஓர் ஆளை. ஆனால் அந்த ஆளுக்கு அந்தச் சின்னம் கிடைக்க வேண்டுமானால், கட்சித் தலைமை கையெழுத்துப் போட்ட பி ஃபார்ம், மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரி கைக்குப் போயாக வேண்டும். நம்மில் பலர் தேடி அழுத்துவதும் சின்னத்தைத்தான். ஆளுக்கும் கட்சிக்கும் சேர்த்து ஒரே பட்டன். பின்னால் இரண்டும் முறைத்துக்கொள்ளும்போது, அந்த ஓட்டு யாருடையது என்ற வழக்கு நம் மனசுக்குள் வந்துவிடுகிறது.

1985 வரை இதைப் பற்றிச் சட்டம் கவலைப்படவே இல்லை. 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (வந்தார் ராம், போனார் ராம்) என்று இந்திக்காரர்கள் இன்றும் கேலி பேசுவது அவரை வைத்துத்தான். ஆட்சிகள் கவிழ்ந்தபடியே இருந்தன. கடைசியில் 1985-இல், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, 52-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்புச் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டத்தில் ஓர் எம்.எல்.ஏ. பதவியை இழக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பது, அல்லது வாக்களிக்காமல் இருந்துவிடுவது. கொறடா என்பவர் சபையில் கட்சியின் குரல். எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்று சொல்பவர். மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் பிரச்சினை இல்லை. இரண்டாவது, தானாகக் கட்சியைக் கைவிடுவது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் கைவிட்டதாக அர்த்தம் என்றில்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சியே நீக்கினால்? பதவி போகாது. நீக்கப்பட்டவரும் ஜெயித்த கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவார். வேறு கட்சிக்குப் போனால்தான் வம்பு. 1996-இல் வந்த இந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில்தான், ஜி. விசுவநாதன் வழக்கில்.

இப்போது அந்த ஆறுதலுக்கு வருவோம். இந்தச் சட்டம் வாக்காளரின் காவல்காரன் என்று ஏறக்குறைய எல்லோருமே நம்புகிறோம். உண்மையில் அது காப்பது கட்சியை. டிப்போவுக்கும் டிரைவருக்கும் உள்ள ஒப்பந்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்போ கொடுத்த ரூட்டை விட்டு விலகினால் டிரைவர் மேல் நடவடிக்கை. ரோடு உடைந்து கிடக்கிறது, பயணிகளே கேட்டுக்கொண்டதால் சுற்றிப் போனேன் என்றாலும் நடவடிக்கைதான். அதே டிரைவர் சரியான ரூட்டில் போய், நம் ஸ்டாப்பில் மட்டும் நிறுத்தாமல் ஓட்டினால், அந்த ஒப்பந்தத்தில் அது குற்றமே இல்லை.

ஆக, தொகுதி மக்கள் எதிர்க்கும் ஒரு மசோதாவை, கொறடா சொல்லை மீறி, மக்களுக்காகவே எதிர்த்து வாக்களித்தாலும் எம்.எல்.ஏ. பதவி போகலாம். தேர்தல் அறிக்கையில் சொன்னதைக் கட்சி காற்றில் விட்டாலும், கூடவே கை தூக்கியவர் ஐந்து வருஷம் நிம்மதியாக இருக்கலாம். நம் ஏமாற்றத்தை அளக்கும் கோல் இந்தச் சட்டத்திடம் கிடையாது. எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்கும் உரிமையும் நமக்கு இல்லை.

நம் சட்டசபையிலேயே பார்த்தோம். 2017 பிப்ரவரி 18 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122-க்கு 11 என்று ஜெயித்தார். எதிர்த்து வாக்களித்த 11 பேரும் அதே அ.தி.மு.க.காரர்கள், ஓ. பன்னீர்செல்வம் உட்பட. ஆகஸ்டில் பழனிசாமி அணியும் பன்னீர்செல்வம் அணியும் இணைந்தன. உடனே அதே கட்சியில் டி.டி.வி. தினகரனை ஆதரித்த எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய், முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சபைக்குள் அவர்கள் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் அவர்களில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். சபையிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேர்? 2021 வரை அவர்கள் நாற்காலி அசையவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும், முடிவெடுக்க வேண்டியவர் சபாநாயகர்தான் என்று அவரிடமே திரும்பி வந்தது. சபாநாயகரும் ஒரு கட்சியிலிருந்து வருபவர்தானே! இந்தச் சட்டத்தின் பலவீனமான ஆணி இதுதான் என்பது என் எண்ணம்.

18 தொகுதிகள் ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன. தப்பு யாருடையதாக இருந்தாலும், மனு கொடுக்க ஆளில்லாமல் நின்றது ஓட்டுப் போட்டவர்கள்தான். 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இடைத்தேர்தல் வந்தபோதுதான் அவர்களை யாரோ கேட்டார்கள். பதவி இழந்தவர்களில் பலர் தினகரனின் அ.ம.மு.க. சார்பில் நின்றார்கள், ஒருவரும் ஜெயிக்கவில்லை. சட்டமும் மக்களும் ஒரே தீர்ப்பைச் சொன்ன மாதிரிதான் இருந்தது, அரவக்குறிச்சியைப் பார்க்கும் வரை. அந்த 18 பேரில் ஒருவரான செந்தில் பாலாஜி தி.மு.க.வில் சேர்ந்து, தான் இழந்த அதே தொகுதியில், இரட்டை இலைக்கு எதிராக உதயசூரியனில் நின்றார். ஜெயித்தார்.