இறப்புப் பதிவும் சான்றிதழும் – கிராம மக்கள் அறிய வேண்டுவன

பிள்ளை பிறந்தால் அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் உணர்வு நம் கிராமங்களில் இன்று நன்கு வேரூன்றியிருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது சான்றிதழ் கேட்கப்படும் என்பதை யாவரும் அறிவர். இறப்பைப் பற்றிய உணர்வோ அந்த அளவுக்கு வளரவில்லை. துக்கம் நிறைந்த வீட்டில் காகிதத்தைப் பற்றிப் பேசுவது தகாது என்று பெரியோர் கருதுகின்றனர். காரியம் முடியட்டும் என்று ஒத்திப் போடுகின்றனர்; பின்னர் மறந்தும் விடுகின்றனர். பல ஆண்டுகள் கழிந்து, நிலத்தின் பட்டாவை மாற்றவோ, வங்கியில் இருக்கும் சேமிப்பைப் பெறவோ முற்படும்போதுதான் அந்த ஒரு தாளின் அருமை புலப்படுகிறது. அப்பொழுது அலைச்சலும் செலவும் பன்மடங்காகி விடுகின்றன.

இறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும், எவ்வாறு பெறுவது, பழைய பதிவைத் தேடுவது எப்படி என்பனவற்றை விருதுநகர் மாவட்டம் சாத்தூர் வட்டத்திலுள்ள இருக்கன்குடியை முன்வைத்து இங்கே விளக்குவோம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயில் கொண்டுள்ள ஊர் அது. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அங்கே திரளுகின்றனர். சுற்றிலும் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களை நம்பி வாழும் கிராமங்கள் உள்ளன. ஆதலின், இறப்புப் பதிவில் எழக்கூடிய சிக்கல்கள் பலவற்றையும் இந்த ஓர் ஊரைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம்.

சட்டம் கூறுவது

முற்காலத்தில் சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டின் சட்டப்படி பிறப்பு இறப்புகள் பதிவாயின. கிராமங்களில் கிராம முன்சீப் அப்பணியைச் செய்து வந்தார். பின்னர் நாடு முழுமைக்கும் பொதுவாக 1969-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1970 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அதன் பின் வந்த கிராம நிர்வாக அலுவலரே இன்று கிராமங்களில் பதிவாளராக இருக்கிறார். நகராட்சி, மாநகராட்சிகளில் சுகாதாரப் பிரிவினர் இப்பணியைச் செய்கின்றனர். மாநிலம் முழுமைக்கும் தலைமைப் பதிவாளராகப் பொது சுகாதாரத் துறை இயக்குநர் விளங்குகிறார். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் 2023-இல் திருத்தப்பெற்று, அத்திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது.

இறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தெரிவித்தால் பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னும் ஐந்து நாட்கள் எஞ்சியிருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக் கொண்டால் போதும். துக்கத்துக்கும் சட்டத்துக்கும் பகை இல்லை. பதிவு முடிந்த ஏழு நாட்களுக்குள், தகவல் கொடுத்தவருக்குச் சான்றிதழை இலவசமாக வழங்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பதிவாளரின் கடமை.

யார் தெரிவிக்க வேண்டும்?

வீட்டில் இறப்பு நேர்ந்தால் குடும்பத் தலைவரும், அவர் இல்லாவிடில் நெருங்கிய உறவினரும் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்தால் அதன் பொறுப்பு மருத்துவ அலுவலர் தெரிவிக்க வேண்டும். சத்திரம், தங்கும் விடுதி முதலியவற்றில் நேர்ந்தால் அவ்விடத்தின் பொறுப்பாளரைச் சாரும். பொது இடத்தில் கேட்பாரற்ற உடல் காணப்பட்டால், கிராம அலுவலரோ காவல் நிலையப் பொறுப்பாளரோ தெரிவிக்க வேண்டும்.

திருவிழாவுக்கு வந்த யாத்திரிகர் ஒருவர் இருக்கன்குடியில் தங்கியிருந்த இடத்தில் உயிர் நீத்தார் என்று கொள்வோம். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு சென்று அடக்கம் செய்துவிட்டு, அவ்வூரில் பதிவு செய்ய உறவினர் முயல்வது இயல்பே. ஆனால் அப்பதிவு செல்லாது. இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த எல்லைக்குரிய பதிவாளரே அதனைப் பதிய வேண்டும். அடக்கம் நடந்த ஊரோ, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஊரோ கணக்கில் வராது. ஓடும் வண்டியில் இறப்பு நேர்ந்தால், அவ்வண்டி முதலில் நின்ற இடத்தின் பதிவாளரிடம் பதிய வேண்டும்.

ஆலை விபத்தும் மருத்துவமனையும்

இவ்வட்டாரத்தில் இவ்விதியின் முக்கியத்துவம் பெரிது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகளில் நேர்ந்த விபத்துகளில் பலர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில் சிலர் ஆலையிலேயே மடிகின்றனர். சிலர் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் மருத்துவமனைகளில் இறக்கின்றனர். வேறு சிலர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, சில நாட்களோ வாரங்களோ கழித்து உயிர் துறக்கின்றனர். ஒரே விபத்தில், ஒரே தெருவைச் சேர்ந்த மூவர் இறந்திருந்தாலும், மூன்று இறப்புகளும் மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் பதிவாகியிருக்கக் கூடும். மதுரையில் இறந்தவரின் சான்றிதழை இருக்கன்குடிக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால், அவர் தர இயலாது. அது அவருடைய குற்றமன்று.

ஆகவே, மருத்துவமனையிலிருந்து உடலைப் பெறும்போதே மூன்று செய்திகளைக் கேட்டு எழுதிக் கொள்ளல் வேண்டும்: இறப்பு அறிக்கை எந்தப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறது, மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் எண் யாது, இறந்தவரின் பெயரும், தந்தை அல்லது கணவர் பெயரும், வயதும், முகவரியும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன. அவசரத்தில் சேர்க்கப்பட்டவரின் பெயரை உடன் வந்த சகதொழிலாளி வாய்மொழியாகச் சொல்லியிருப்பார். வீட்டில் வழங்கும் பெயர் ஒன்றாகவும், குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் உள்ள பெயர் வேறாகவும் இருந்தால், பிற்பாடு இடர் விளையும். அறிக்கை அனுப்பப்படுவதற்கு முன்பே திருத்திக் கொள்வது எளிது.

மருத்துவமனையில் இறந்தவரின் இறப்புக் காரணம் பற்றிய மருத்துவச் சான்றைக் கட்டணமின்றி நெருங்கிய உறவினருக்கு வழங்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. விபத்தாயின் காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்களும் தேவைப்படும். இங்கு ஒன்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். பொதுமக்களுக்கு வழங்கப்படும் இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் காட்டப்படுவதில்லை. சட்டமே அதனைத் தடுக்கிறது. சான்றிதழைக் கொண்டு இறந்தார் என்பதையும் இறந்த நாளையும் நிறுவலாம். விபத்தினால் இறந்தார் என்பதை நிறுவ இயலாது. அதற்கு மேற்கண்ட ஆவணங்களே துணை. ஊழியர் இழப்பீடு கோருவோர், பொதுவாக இறந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்திருந்தவராயின், குடும்பத்தார் அத்திட்டத்தின் வழியே சார்ந்தோர் உதவித் தொகையைக் கோர வேண்டும். எவ்வழியாயினும் முதலில் கேட்கப்படுவது இறப்புச் சான்றிதழே.

பழைய பதிவைத் தேடுதல்

பாட்டனார் பெயரிலுள்ள பட்டாவை மாற்ற வேண்டியவர்க்கு, 30 அல்லது 60 ஆண்டுகளுக்கு முந்திய பதிவு தேவைப்படும். எவரும் உரிய கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடச் செய்து, பதிவின் நகலைப் பெறலாம் என்று சட்டம் இடமளிக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அண்மைக் காலப் பதிவேடுகளே இருக்கும். கிராமங்களின் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆதலின் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும், தேவையாயின் சாத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரித்து, அவ்வாண்டுப் பதிவேடு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்து கொண்டு மனுச் செய்வது அலைச்சலைக் குறைக்கும்.

மனுவில் இறந்தவரின் முழுப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், இறந்த இடம், இறந்த நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். தேடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு. "சுமார் பத்தாண்டுகளுக்குள் ஏதோ ஓர் ஆண்டு" என்று எழுதினால் செலவு மிகும். ஆண்டு நினைவில்லாதவர்கள் திதியையும் மாதத்தையும் வீட்டுப் பெரியோரிடம் கேட்டும், ஊரில் நடந்த பெருவெள்ளம், தேர்தல், குடும்பத்தில் நடந்த திருமணம் முதலியவற்றோடு ஒப்பிட்டும் ஆண்டை நிர்ணயிக்கலாம். கல்லறைக் கல், பழைய கடிதம், கருமாதிப் பத்திரிகை ஆகியனவும் உதவும்.

மாவட்டப் பெயரைக் குறித்தும் கவனம் வேண்டும். இருக்கன்குடி இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ஆனால் அம்மாவட்டம் 1985-இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சில காலம் காமராசர் மாவட்டம் என்றும் வழங்கியது. ஆதலின் 1985-க்கு முந்திய பதிவுகளில் இராமநாதபுரம் மாவட்டம், சாத்தூர் வட்டம் என்றே காணப்படும். அதனைக் கண்டு வேறு ஊர்ப் பதிவு என மயங்க வேண்டியதில்லை. அதுபோலவே சிவகாசியும் திருத்தங்கலும் 2021-இல் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. அதற்கு முன் அவை தனித்தனி நகராட்சிகள்.

பதிவே இல்லாவிடில்

தேடியும் பதிவு காணப்படவில்லையெனில், அவ்வாறு பதிவில்லை என்பதற்கு எழுத்து மூலமான சான்றை அலுவலகத்திலிருந்து பெற்றுக் கொள்ள வேண்டும். "இல்லை" என்னும் வாய்மொழி விடையுடன் திரும்பி வருதல் கூடாது. காலம் கடந்த பதிவுக்கு அந்தச் சான்றே முதற்படி.

21 நாட்களைக் கடந்து 30 நாட்களுக்குள் தெரிவித்தால் காலதாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம். 30 நாட்களுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால், உரிய மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியும், தாமே சான்றொப்பமிட்ட ஆவணமும் தேவை. ஓராண்டு கடந்துவிட்டால், முன்னர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும் என்றிருந்த நிலை மாறி, 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாவட்ட ஆட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர் ஆகிய நிர்வாக நடுவர்களே விசாரித்து ஆணையிடலாம். பதிவில்லாச் சான்று, இறந்தவரின் அடையாள ஆவணங்கள், இறப்பை நேரில் அறிந்தோரின் வாக்குமூலம் முதலியவற்றோடு மனுச் செய்தல் நலம்.

பிழையும் திருத்தமும்

பதிவேட்டில் பிழை இருந்தால் பதிவாளர் அதனை அழித்து எழுதமாட்டார். முதற்பதிவை அவ்வாறே விட்டு, ஓரத்தில் திருத்தத்தை எழுதி, நாளிட்டுக் கையொப்பமிடுவார். பள்ளிச் சான்று, குடும்ப அட்டை போன்ற ஆதாரங்களைக் காட்டிப் பிழை என்பதை நிறுவுவது மனுதாரரின் பொறுப்பு. பதிவாளரின் செயலாலோ ஆணையாலோ குறையுற்றோர், 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாட்களுக்குள் அதன் மீது முடிவு கூறப்பட வேண்டும்.

வாரிசுச் சான்று வேறு

இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் ஒன்றென எண்ணுவோர் பலர். முன்னது ஒருவர் இறந்தார் என்பதைக் காட்டும். பின்னது அவருக்கு உரிமை வாரிசுகள் யார் யார் என்பதைக் காட்டும். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். அதற்கு இ-சேவை மையத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ் இன்றி அந்த விண்ணப்பம் நிறைவு பெறாது. விதவை ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, பட்டா மாற்றம் ஆகிய பலவற்றுக்கும் இவ்விரண்டும் தேவைப்படுமாதலின், சான்றிதழைப் பெற்றவுடன் பல நகல்கள் எடுத்து, மூலத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

குடும்பத்தைத் தாங்கி வந்தவர் மறைந்த வீட்டில், எஞ்சியிருப்பவர் பெரும்பாலும் எழுத்தறிவு குறைந்த மனைவியும் சிறு குழந்தைகளுமே. அவர்கள் அலுவலகம் தேடிச் செல்லும் நிலையில் இருப்பதில்லை. இங்கேதான் கிராம ஊராட்சியும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும், படித்த இளைஞரும் முன்வர வேண்டும். துக்கம் கேட்கச் செல்வோர், ஆறுதல் கூறுவதோடு, "பதிவு செய்தாயிற்றா, எந்த அலுவலகத்தில்?" என்று வினவி, உடன் சென்று உதவினால், அதுவே அக்குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உபகாரமாகும். 21 நாட்களுக்குள் ஒரு நாளை அதற்கென ஒதுக்குதல் எந்த ஊருக்கும் இயலாத காரியமன்று.