ஆதுலசாலையும் அரசின் மாதிரிப் படிவங்களும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்தது எங்கள் திருமுக்கூடல். இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற நீண்ட கல்வெட்டொன்று உளது. வேதமும் இலக்கணமும் பயிற்றிய கல்விச்சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலை ஆகியவற்றுக்குரிய ஏற்பாடுகளை அது கூறுகின்றது. ஆதுலசாலை என்பது மருத்துவமனை.

அம்மருத்துவமனைப் பகுதியைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். படுக்கைகள் 15. மருத்துவருக்கு ஆண்டு ஊதியம் நெல் 90 கலமும் காசு 8ம். சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்வாருக்கு 30 கலம். மூலிகை கொணர இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்வார் ஒருவர். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள. வாசாஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாணக லவணம் என அப்பட்டியல் நீள்கிறது. (அறுவை செய்வாரினும் மருத்துவருக்கு மும்மடங்கு நெல்! இக்காலத்து அறுவை மருத்துவர் இதைக் கேட்டால் புன்னகை புரியக்கூடும்.)

பணி யாது, அதைச் செய்வார் யாவர், வேண்டும் பொருள் எவை, செலவுக்கு வழி எது என ஒரு நிறுவனத்தை இவ்வாறு உறுப்புறுப்பாக விளக்குவதையே இன்று 'நிறுவனக் கட்டமைப்பு' என்கின்றனர். ஆயினும் கல்வெட்டு ஒரே ஒரு மருத்துவமனையைத்தான் விளக்குகிறது. எந்த மருத்துவமனைக்கும், எந்த அலுவலகத்துக்கும் பொருந்துமாறு அவ்வுறுப்புகளைப் பொதுமைப்படுத்தி வகுத்தால், அது 'மாதிரிப் படிவம்' ஆகும். அமெரிக்கக் கூட்டரசு 2002ஆம் ஆண்டு முதல் இத்தகைய படிவங்கள் ஐந்தை வெளியிடத் தொடங்கியது. 2013இல் அவற்றைத் திருத்தி ஆறாக்கிற்று. காப்புக்கெனத் தனிப் படிவம் அப்போதுதான் சேர்ந்தது. நம் நாட்டு மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் 'இண்ட்இஏ' என்னும் சட்டகத்தை வெளியிட்டது. அதில் பணி, தரவு, பயன்பாட்டு மென்பொருள், தொழில்நுட்பம், செயல்திறன், காப்பு, இணைப்பு, ஆளுகை என எட்டுப் படிவங்கள் உள.

இவற்றுள் தரவுப் படிவமே உங்களை நேரே தொடுவது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது, நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தியின் உதவித்தொகை பல மாதங்கள் நின்றுபோயிற்று. பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது. மற்றோர் அலுவலகச் சான்றிலோ அப்பெயர் முழுமையாக இருந்தது. இருவரும் ஒருத்தியே என்பதை ஊரார் அறிவர்; ஏடு அறியவில்லை. ஒருவருடைய பெயரை எத்தனை பகுதிகளாக எழுதுவது, முதலெழுத்தை எங்கே வைப்பது, பிறந்த நாளை எவ்வரிசையில் குறிப்பது என்பனவற்றை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒருமுறை வகுத்துவிட்டால், ஒரு துறையின் ஏட்டை மற்றொரு துறை ஐயமின்றிப் படிக்கும்.

படிவம் வகுத்த அளவில் ஏடுகள் தாமே திருந்திவிடா. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கித் திருத்தும் வேலை எழுத்தரிடமே வந்து சேரும். அதற்கு ஆளும் காலமும் ஒதுக்குதல் வேண்டும்.